ஏறி ஏறி இறங்கும் டிராக்டர்: கவர்னர் போய்விட்டதா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27. அப்பாவுக்குப் பிறகு நிலத்தைக் கையில் எடுத்தவர். போன வருடம் 42 எச்.பி. பழைய டிராக்டர் ஒன்றை வாங்கியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வண்டி கொட்டகையில் சும்மா நின்றது. இப்போது ஸ்டார்ட் செய்தால் ஸ்லோவில் 'ஊம்... ஊம்...' என்று சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. ரோட்டவேட்டர் போட்டால் முன்பு இருந்த இழுவை இல்லை. எங்கள் ஊர் மெக்கானிக், 'கவர்னர் போயிடுச்சு, பம்பில் ஸ்க்ரூவை மூடியிருக்கும் ஈய சீலை வெட்டி, அதைத் திருகினால் சரியாகிவிடும்' என்கிறார். கை ஆக்சிலரேட்டரை நான் ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறேன். அப்படியானால் டீசலும் ஒரே அளவுதானே போக வேண்டும்? சத்தம் எப்படி ஏறி இறங்கும்? கவர்னர் என்பது என்ன? சீலை வெட்டலாமா? என்னிடம் ஒரு பெட்ரோல் பவர் வீடரும் இருக்கிறது. அதிலும் கவர்னர் உண்டா?"

தம்பி, சீலை இப்போதைக்கு வெட்ட வேண்டாம். மெக்கானிக்கோடு சண்டையும் வேண்டாம். அவர் கேட்ட சத்தம் உண்மைதான், அதற்குச் சொன்ன மருந்துதான் தப்பு. டீசல் பம்ப் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். "கவர்னர் கம்ப்ளைன்ட்" என்று சோதனை பெஞ்சுக்கு வந்த பம்புகளில் கவர்னரில் கோளாறே இல்லாதவை ஏராளம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விதான்: லீவர் ஒரே இடத்தில் இருந்தால் டீசல் ஒரே அளவுதானே போக வேண்டும்? பைக் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். பைக்கில் கைப்பிடியை முறுக்கினால் காற்று போகும் வழி நேராகத் திறக்கிறது. மேட்டில் வேகம் குறைந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்குகிறீர்கள், இறக்கத்தில் விடுகிறீர்கள். அங்கே கவர்னர் வேலையை உங்கள் மணிக்கட்டே செய்துவிடுகிறது. டிராக்டரில் கண் பின்னால் கலப்பையில் இருக்கிறது, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது, மண் அடிக்கு அடி மாறுகிறது. ஈர மண், காய்ந்த கட்டி, பழைய வரப்பு, மறுபடி ஈரம். ஒவ்வொன்றுக்கும் ஆக்சிலரேட்டரைக் கூட்டிக் குறைக்க மனிதக் கையால் ஆகாது.

அதனால் டிராக்டரின் கை ஆக்சிலரேட்டர் நேராக டீசலைத் தொடுவதே கிடையாது. அது ஒரு ஸ்ப்ரிங்கை இழுக்கிறது, அவ்வளவுதான். "எனக்கு இத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேண்டும்" என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஆர்.பி.எம்.மைக் காப்பாற்ற இந்த நொடியில் எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைக் கவர்னர் முடிவு செய்கிறது. லீவர் அசையாமல் இருந்தாலும் டீசல் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

எப்படி முடிவு செய்கிறது? திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும்போது தொட்டில்கள் நேராகத் தொங்கும். வேகம் பிடித்ததும் வெளிப்பக்கமாக விரிந்து பறக்கும். கவர்னரில் இருப்பதும் அதே சங்கதிதான். டீசலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்பின் கேம் ஷாஃப்ட் நுனியில் இரண்டு இரும்பு எடைகள் பின்னில் தொங்குகின்றன. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அவை வெளியே விரியப் பார்க்கும். விரியும்போது அவற்றின் கால் ஒரு ஸ்லீவைத் தள்ளும். ஸ்லீவ் ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் பம்பின் ரேக்கை, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டை, டீசல் குறையும் பக்கம் நகர்த்தும். எதிர்ப்பக்கமிருந்து ஸ்ப்ரிங் அந்த ரேக்கை டீசல் கூடும் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். எடை ஒரு பக்கம், ஸ்ப்ரிங் ஒரு பக்கம், நடுவில் ரேக். இரண்டு பலமும் சமமாகும் இடத்தில் ரேக் நிற்கும்.

இப்போது உங்கள் வயலுக்கு வாருங்கள். ரோட்டவேட்டர் ஒரு காய்ந்த கட்டியில் அடிக்கிறது. எஞ்சின் 1,900-லிருந்து 1,850-க்கு இறங்குகிறது. எடைகள் கொஞ்சம் உள்ளே சுருங்குகின்றன. ஸ்ப்ரிங் கை ஓங்கி ரேக்கை இழுக்கிறது. நாசில் வழியாகக் கூடுதல் டீசல் போகிறது. சைலன்சரில் ஒரு கறுப்பு மூச்சு வருகிறதே, அது இந்த நேரத்தில்தான். கட்டி உடைந்து பாரம் குறைந்ததும் எஞ்சின் ஏறப் பார்க்கும். எடைகள் விரிந்து டீசலைக் குறைத்துவிடும். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் முழு நாடகமும் முடிந்திருக்கும்.

பெட்ரோல் கார் கவர்னர் இல்லாமல் ஓடுகிறது, டீசலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசியம் என்று கேட்கலாம். சாதாரண டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் கதவு கிடையாது. ஐடிலிலும் (பாரமில்லாமல் ஸ்லோவில் ஓடும்போதும்) சரி, முழு பாரத்திலும் சரி, ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் நிறையக் காற்று போகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது டீசலின் அளவு மட்டுமே. ரேக்கை ஓர் இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும் டீசல் தேவையைவிடத் துளி கூடுதலாக இருந்தால் வேகம் ஏறும். வேகம் ஏற ஏற, அதே ரேக் நிலையிலேயே பம்ப் ஒவ்வொரு தள்ளலுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும். எஞ்சின் எகிறிக்கொண்டே போகும். துளி குறைவாக இருந்தால் இறங்கி இறங்கி நின்றுவிடும். நடுவில் நிலையாக நிற்க இடமே இல்லை. ஐடிலில் ஒரு டீசல் எஞ்சின் அமைதியாகத் துடித்துக்கொண்டிருக்கிறது என்றாலே கவர்னர் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பஸ், லாரிகளில் சட்டப்படி பொருத்துகிற "ஸ்பீடு கவர்னர்" வேறு சாமான். அது வண்டி குறிப்பிட்ட கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் பார்க்கிறது. பழைய லாரி பம்புகளில் இருந்த கவர்னர் ஐடிலையும் உச்ச வேகத்தையும் மட்டும் கவனிக்கும், நடுவில் எல்லாம் டிரைவரின் கால்தான். டிராக்டரில் இருப்பது ஐடில் முதல் உச்சம் வரை எந்த வேகத்தில் வைத்தாலும் அதைப் பிடிக்கிற வகை. லாரி பம்பை டிராக்டரில் மாட்டிவிட்டு "இழுக்கவில்லை" என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு.

உங்கள் வண்டியில் பம்ப் எந்த வகை என்று எழுதவில்லை. பைப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் மேலே கிளம்பினால் அது லைன் பம்ப். இங்கே எல்லோரும் மைக்கோ பம்ப் என்போம். அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெட்டிதான் கவர்னர். அதில் ஒரு தகடு இருக்கும், துடைத்துப் பாருங்கள். ஆர்.எஸ்.வி. என்ற எழுத்துகளை அடுத்து 350-1100 என்பது போல எண்கள் இருக்கும். ஐடில் வேகமும் முழு பார வேகமும் அவை. ஆனால் பம்பின் வேகம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பம்ப் பாதி வேகத்தில் சுற்றுவதால் 1,100 என்றால் எஞ்சின் 2,200. இது தெரியாமல் "1,100-க்கு மேல் போகக்கூடாதாம்" என்று லீவரையே இழுக்காமல் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பைப்புகள் வட்டமாகக் கிளம்பினால் அது ரோட்டரி பம்ப். அதில் எடைகள் பம்புக்கு உள்ளேயே, டீசலிலேயே மிதந்து சுற்றும். எண்ணெயும் டீசல்தான், அதனால் தண்ணீர் கலந்த டீசல் அதற்கு விஷம்.

இனி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். பாரமில்லாமல், கருவியில்லாமல் லீவரை முழுதாக இழுத்தால் உங்கள் வண்டி 2,180 காட்டுகிறது, முழு பாரத்தில் 2,000-க்கு வந்து நிற்கிறது என்று வைப்போம். இந்த 180 இறக்கம் கோளாறு கிடையாது. கூடுதல் டீசல் வேண்டுமென்றால் ரேக் நகர வேண்டும். ரேக் நகர எடைகள் சுருங்க வேண்டும். எடைகள் சுருங்க வேகம் கொஞ்சம் குறைந்தே ஆக வேண்டும். எடையும் ஸ்ப்ரிங்கும் உள்ள கவர்னர் பழைய அதே ஆர்.பி.எம்.முக்குத் திரும்பி வராது, சற்றுக் கீழேதான் நிற்கும். இதை ட்ரூப் என்பார்கள். 180-ஐ 2,000-ஆல் வகுத்தால் 9 சதவீதம். டிராக்டருக்கு இது இயல்பான அளவு. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டருக்கு இவ்வளவு ஆகாது. 1,500 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் வரும் மெஷின் அது. வெறுமனே ஓடும்போது 1,560 வைத்து, முழு பாரத்தில் 1,500-க்கு வரும்படி 4 சதவீதத்தில் கட்டுவோம். இல்லாவிட்டால் கிரைண்டர் போட்டதும் மண்டபத்து ஃபேன் எல்லாம் சோர்ந்துவிடும்.

உங்கள் ரோட்டவேட்டருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பி.டி.ஓ. (கருவியைச் சுற்ற வைக்கும் பின்பக்க ஷாஃப்ட்) 540 சுற்று வர எஞ்சின் எத்தனையில் ஓட வேண்டும் என்று மீட்டரிலேயே குறி போட்டிருக்கும். வயல் ஓரத்தில் நின்று கருவியைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் குறிக்கு லீவரை வைத்தால், மண்ணில் இறங்கியதும் 510-க்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். கருவி மண்ணில் இருக்கும்போது 540 வருகிற மாதிரி லீவரை வையுங்கள். "இழுவை இல்லை" என்ற புகாரில் ஒரு பங்கு இதிலேயே தீரலாம்.

சரி, ஊம் ஊம் சத்தத்துக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் இதை ஹண்டிங் என்போம், வேட்டை. எஞ்சின் தன் வேகத்தைத் தேடித் தேடி, தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போகிறது. ரேக் எங்கோ லேசாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறைகிறது, ரேக் அசையவில்லை. இன்னும் குறைகிறது, அசையவில்லை. கடைசியில் பிடி விட்டதும் ஒரே தாவாகத் தாவி, தேவைக்கு மேல் டீசல் கொடுத்துவிடுகிறது. வேகம் எகிறுகிறது. திரும்பி வரும்போதும் அதே கதை. துரு ஏறிய தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: நகராது, நகராது, நகர்ந்தால் கை சுவரில் இடிக்கும்.

இந்த வியாதி புதிதல்ல. 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் இரண்டு குண்டுகள் சுற்றும் கவர்னரைப் பொருத்தினார். அதற்கு முன்பே ஐரோப்பாவின் காற்றாலை மாவு மில்களில் அந்த யோசனை இருந்தது. அந்த நீராவி எஞ்சின்களும் இதே போல ஊம் ஊம் என்றன. ஏன் சில கவர்னர்கள் நிலைக்கு வருகின்றன, சில வேட்டையாடிக்கொண்டே இருக்கின்றன என்று 1868-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்த அலைகளின் கணக்கை எழுதிய அதே ஆள். உங்கள் கொட்டகையில் கேட்கும் சத்தத்துக்காக அவ்வளவு பெரிய மண்டை வேலை செய்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் கவர்னர் நன்றாக இருந்து, அது கேட்கும் டீசல் வராமல் போனாலும் சத்தம் ஏறி இறங்கும். காதால் ஓரளவு பிரிக்கலாம். கடிகாரம் மாதிரி ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் பெரும்பாலும் கவர்னர் பக்கம், அதாவது ரேக் பிடிப்பு, பின் தேய்மானம், ஐடில் ஸ்ப்ரிங். தாளம் தவறி, திடீரென்று ஒரு விக்கல், ஒரு தும்மல், பிறகு சரியாக ஓட்டம் என்றால் பெரும்பாலும் காற்றோ அடைப்போ நாசிலோ. இது முடிந்த முடிவில்லை, காற்று சில நேரம் தாளத்தோடும் ஏமாற்றும். அதனால் செலவில்லாத பக்கமிருந்து தேட ஆரம்பியுங்கள்.

டேங்க் மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பாருங்கள். மூடியில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை உண்டு. அது சேறு, தூசியால் அடைத்தால் டேங்க்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்தியதும் "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் பாதி வியாதி பிடிபட்டது. அடுத்து, கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். இரண்டு மாதம் மழைக் காலத்தில் சும்மா நின்ற வண்டி. டேங்க் முழுதாக நிரப்பாமல் நிறுத்தியிருந்தால், உள்ளே வேர்த்த தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். டீசலுக்குக் கீழே கண்ணாடி மாதிரி தனியாக ஒரு படலம் தெரியும். வடித்துவிட்டு, ஃபில்டர் இரண்டையும் மாற்றி, ஃபில்டர் தலையில் ஒரு தடவை, பம்பில் ஒரு தடவை ஏர் எடுங்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் பம்புக்குப் போகும் லைனில் ஒரு முழம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ ஒரு வாஷர் காற்று குடிக்கிறது. காற்று உள்ளே போகிற இடத்தில் டீசல் வெளியே ஒழுகும் என்று எதிர்பார்க்காதீர்கள். உறிஞ்சுகிற பக்கத்தில் ஒழுகாமலே காற்று ஏறும்.

இழுவைக் குறைவுக்கு இன்னொரு இடத்தைப் பாருங்கள், இதைப் பார்க்கிறவர் குறைவு. ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் பம்பைக் கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு முன் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார், ஒரு இடத்தில் எலிமென்ட் (டீசலைத் தள்ளும் உள் பாகங்கள்) எல்லாம் மாற்றிப் பணமும் கொடுத்திருக்கிறார். பெஞ்சில் போட்டேன். அளவு அத்தனையும் சரி. மறுபடி போட்டேன், சரி. அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்கே போய், பம்பை மாட்டி, ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, "எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்து விடு" என்றேன். கண்ணைப் பம்ப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஸ்டாப் வயரை இழுத்தார், பம்பின் ஸ்டாப் கை நகர்ந்தது. விட்டார், முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சுண்டு விரல் நகம் அளவு பாக்கி நின்றது. வயருக்குள் துரு. அந்தக் கை திரும்பாத வரை ரேக் முழு டீசல் இடத்துக்குப் போகவே முடியாது, கவர்னர் எவ்வளவு இழுத்தாலும் சரி. வயரைக் கழற்றினோம், வண்டி பழைய மாதிரி உறுமியது.

அதனால் நீங்களும் இதைச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை சீட்டில் வைத்து ஸ்டாப்பை இழுத்து விடச் சொல்லுங்கள். பம்பில் கை முழுதாகத் திரும்புகிறதா பாருங்கள். பிறகு கை ஆக்சிலரேட்டரை முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். பம்பின் லீவர் அதன் ஸ்டாப்பர் ஸ்க்ரூவில் போய் முட்டுகிறதா? இரண்டு நூல் இடைவெளி இருந்தால் உங்களுக்கு முழு ஆர்.பி.எம். கிடைக்காது. ராடு வளைந்திருக்கும், பந்து ஜாயின்ட் தேய்ந்திருக்கும், கால் ஆக்சிலரேட்டருக்கு அடியில் மண் இறுகியிருக்கும். இதற்கெல்லாம் பம்பைத் தொடவே வேண்டாம். அப்படியே ஏர் கிளீனரையும் திறந்துவிடுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் சேறு பாதி இருந்தால், டீசல் போனாலும் எரியக் காற்று இல்லை என்று கறுப்புப் புகை சொல்லும்.

இத்தனையும் சரியாக இருந்து, ஸ்லோவில் அதே தாளத்தில் ஏறி இறங்கினால், அப்போது கவர்னரைச் சந்தேகிக்கலாம். லைன் பம்பாக இருந்தால் பம்புக்கும் கவர்னருக்கும் எண்ணெய் உண்டா என்று பாருங்கள். சில மாடல்களில் எஞ்சின் எண்ணெயே போய்விடும், சிலவற்றில் நாம் தனியாக ஊற்ற வேண்டும். தனியாக ஊற்றும் வகையில் பல வருடம் யாரும் திறந்தே இருக்க மாட்டார்கள். தேய்ந்த கவர்னரைத் திறந்தால் முதலில் மூக்குக்குத் தெரியும்: எண்ணெய் தண்ணீராய் இளகி, டீசல் நாற்றம் அடிக்கும். எடைகளின் கால் ஸ்லீவில் உட்காரும் இடத்தில் நகத்தால் தடவினால் ஒரு பள்ளம் தட்டும். பின்னில் எடையை ஆட்டினால் லொடலொட என்று ஆடும். அந்த ஆட்டம் அத்தனையும் உங்கள் ஊம் ஊம்மில் கேட்கும்.

இப்போது சீல். பம்பில் ஈயம் வைத்து மூடிய இடத்தில் பொதுவாக இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று உச்ச ஆர்.பி.எம். ஸ்க்ரூ, மற்றது முழு டீசல் அளவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆர்.பி.எம். ஸ்க்ரூவைத் திருகினால் வெறும் ஓட்டத்தில் சத்தம் கூடும், "ஆகா, சரியாகிவிட்டது" என்று தோன்றும். ரோட்டவேட்டர் இறங்கியதும் பழைய கதைதான், ஏனென்றால் முழு டீசல் அளவு மாறவில்லை. கெடுதல் மட்டும் மிஞ்சும். சுற்றும் எடையின் பலமும் பிஸ்டன், கனெக்டிங் ராடு வாங்கும் இழுப்பும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 2,200-க்குக் கட்டிய எஞ்சினை 2,600-க்கு விட்டால் வேகம் கூடுவது 18 சதவீதம், ராடு போல்ட் வாங்கும் இழுப்புக் கூடுவது ஏறக்குறைய 40 சதவீதம். முழு டீசல் ஸ்க்ரூவைத் திருகினால் கொஞ்ச நாள் இழுவை கூடும், உண்மை. கூடவே கறுப்புப் புகை, சூடு, எரியாத டீசல் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயை இளக்குவது, ஹெட் கேஸ்கட் போவது. அந்த இழுவைக்கு விலை பிறகு வரும். எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ரேக் பிடிப்பு போகாது, உங்கள் ஊம் ஊம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் எடைகள் சுருங்கி இருக்கும், ஸ்ப்ரிங் ரேக்கை முழு டீசலுக்கு இழுத்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் நின்று பிசின் பிடித்த பம்பில் ரேக் அங்கேயே ஒட்டிக்கொண்டால், எஞ்சின் பிடித்ததும் குறையாமல் எகிறிக்கொண்டே போகும். கவர்னர் தள்ளும், ரேக் வராது. அடுத்த தடவை நீண்ட நாள் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது, ஸ்டாப் கையை இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எகிற ஆரம்பித்தால் உடனே ஸ்டாப்பை இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் காற்றை அடையுங்கள். ஏர் கிளீனர் வாயில் கனமான பலகையையோ, நான்கைந்து மடிப்பாக மடித்த ஈரச் சாக்கையோ அழுத்துங்கள். கையை வைக்கவே கூடாது. எஞ்சின் சில நேரம் தன் சொந்த எண்ணெயையே உறிஞ்சி ஓடும், அப்போது டீசலை மூடிப் பயனில்லை, காற்றை மூடினால்தான் நிற்கும். இதற்கென்றே கொட்டகையில் ஒரு பலகை வைத்திருப்பது நல்லது.

பம்ப் கடைக்குப் போக வேண்டி வந்தால், கழற்றும் முன் பம்ப் ஃபிளாஞ்சிலும் எஞ்சின் உடம்பிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளச் சொல்லுங்கள். டைமிங் திரும்ப அதே இடத்தில் உட்காரும். வெறும் ஓட்டத்தில் உச்ச ஆர்.பி.எம். எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பெஞ்சில் எடுத்த அளவுகளை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்: எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு டீசல், எந்த ஆர்.பி.எம்.மில் டீசலை வெட்ட ஆரம்பிக்கிறது. புது சீல் வைத்துத் தர வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் பம்பைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், இறக்கத்தில் டிரெய்லரோடு போகும்போது கவர்னர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். டீசலைப் பூஜ்யம் வரை குறைக்க அதற்குத் தெரியும், அதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது. பின்னாலிருந்து நெல் மூட்டை தள்ளினால் எஞ்சின் உச்சத்தைத் தாண்டியும் சுற்றும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பாரமில்லாத வேலைக்கு மட்டும் உயர் கியர் போட்டு ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஓட்டலாம், டீசல் மிச்சமாகும். லீவரைக் கூட்டியும் ஆர்.பி.எம். ஏறாமல் புகை மட்டும் வந்தால் கவர்னர் ஏற்கனவே தன்னிடம் இருந்த டீசல் முழுவதையும் கொடுத்துவிட்டது என்று பொருள். அப்போது ஒரு கியர் இறக்குங்கள்.

உங்கள் நண்பர்கள் யாராவது புது பெரிய டிராக்டர் வாங்கியிருந்தால் அதில் எடையும் ஸ்ப்ரிங்கும் தேட வேண்டாம். 2023 ஜனவரியிலிருந்து 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய மாசு விதி வந்த பிறகு பெரும்பாலும் காமன் ரெயிலும் (எல்லா நாசிலுக்கும் பொதுவான உயர் அழுத்த டீசல் குழாய்) கம்ப்யூட்டருமாகிவிட்டது. ஃபிளைவீல் பக்கத்தில் ஒரு சென்சார் பற்களை எண்ணுகிறது, எவ்வளவு டீசல் என்று ஈ.சி.யூ. என்ற அந்தக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பாரம் ஏறினாலும் அதே ஆர்.பி.எம்.முக்குத் திரும்ப அதனால் முடியும். திருக ஸ்க்ரூ இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

கடைசியாகப் பவர் வீடர். அதிலும் கவர்னர் உண்டு, எஞ்சின் அடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கியரில் எடைகள் இருக்கும். வெளியே தெரிவது கார்புரேட்டருக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பியும் ஒரு ஸ்ப்ரிங்கும்தான். இங்கே ஸ்ப்ரிங் கார்புரேட்டர் கதவைத் திறக்கப் பார்க்கும், எடைகள் மூடப் பார்க்கும். ஸ்ப்ரிங் அறுந்தால் ஸ்லோவிலேயே முனகும், களை எடுக்காது. கம்பி கழன்று விழுந்தால் கட்டுப்பாடில்லாமல் எகிறும், உடனே சுவிட்சை அணையுங்கள். ஸ்ப்ரிங் மாட்டும் கையில் வரிசையாகச் சில துளைகள் இருக்கும். கழற்றினால் எந்தத் துளையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பக்கத்துத் துளையில் மாட்டினால் ஆர்.பி.எம்.மும் மாறும், ட்ரூப்பும் மாறும், வீடரும் ஊம் ஊம் என்று ஆரம்பித்துவிடும்.